பேரைப் போடுங்கள், கம்பியைக் கட்டுகிறோம்



இந்த முறை நாங்கள் எழுத வந்தது கம்பியைப் பற்றி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தென்னந்தோட்டங்களையும் மரமுந்திரிகைத் தோட்டங்களையும் சுற்றி ஓடுகிற வேலிக் கம்பியைப் பற்றி. அதை இழுத்து, இறுக்கி, முனைத்தூணில் சுற்றிக் கட்டுகிற வேலையைப் பற்றி. "கம்பி கட்டுவதில் எழுத என்ன இருக்கிறது?" என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் நடப்பது இதுதான். பின்னேரம் நாலு மணி. ஆட்கள் கத்தியையும் மண்வெட்டியையும் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். கங்காணி வருவார்.

"தம்பிமார், மேற்குப் பக்கத்துல கம்பி தொய்ஞ்சு கிடக்கு. ராவைக்கு அலியன் வந்திரும். ஒரு இழுவை இழுத்துக் கட்டிட்டுப் போங்க."

"பேர் உண்டா ஐயா?"

"இதுக்கெல்லாம் என்ன பேர்? அரை மணித்தியால வேலை."

அந்த அரை மணித்தியாலம் இருட்டும் வரைக்கும் போகும். செக்றோலில் அன்றைக்கு விழுந்த பேர் தேங்காய் பொறுக்கியதற்கும் உரித்ததற்கும் மட்டும்தான். கம்பி கட்டியதற்கு ஒரு சதமும் இல்லை.

வீட்டுக்கு வந்தாலும் கதை முடிவதில்லை. ஊருக்கும் ஒரு யானை வேலி இருக்கிறது. "இந்தக் கிழமை உங்கட முறை" என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் சிரமதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புல் வெட்டி, கம்பி இறுக்கி, தூண் நிமிர்த்திவிட்டு வர வேண்டும். தோட்டத்திலும் தானம், ஊரிலும் தானம். கொடுக்கிறவர்கள் எப்போதும் நாங்கள்தான்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். கம்பி கட்டுவது வேலை. வேலையென்றால் அதற்குப் பேர் விழ வேண்டும், கருவி தர வேண்டும், காயம் பட்டால் நட்டஈடு கிடைக்க வேண்டும்.

வேலியைத் தாங்குவது யார்?

யானை வேலி என்றால் மேலிடத்தில் கிலோமீட்டர்க் கணக்கில்தான் பேசுவார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் மின்வேலி போடப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திறப்பு விழா நடந்திருக்கும், மாலை விழுந்திருக்கும், படம் எடுத்திருப்பார்கள். அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள். வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, செங்கலடி, கிரான் என்று எங்கள் பக்கத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளில் யானைக்குப் பயந்து படுக்காத ஊர் குறைவு. மாரி வேளாண்மை வெட்டுகிற காலத்தில் எங்கள் பெண்கள் விறகுக்குப் போகவே அஞ்சுகிறார்கள். விடியற்காலையில் பால் எடுக்கப் போகிறவரும் வாவியில் வலை வீசிவிட்டு இருட்டில் வருகிறவரும் வழியில் கறுப்பாக எதைக் கண்டாலும் நின்றுவிடுகிறார்கள்.

வேலி நீளுகிறது, சாவு குறையவில்லை. ஏன்? வேலியைப் போடுகிறவர்கள் அதைத் தூண், கம்பி, எனர்ஜைசர் பெட்டி என்ற மூன்று சாமான்களாகப் பார்க்கிறார்கள். நாலாவது ஒன்று உண்டு. அது ஆளின் கை. அந்தக் கை தினமும் படாவிட்டால் மற்ற மூன்றும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

கம்பியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறோம். மின்வேலியின் பெட்டி, சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் 12 வோல்ட் பற்றரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் சேர்த்து வைத்து, ஏறத்தாழ வினாடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த நேரத்துக்கு, பல ஆயிரம் வோல்ட் அடியாக விடுகிறது. அடி பலமாக விழும், ஆனால் கொல்லாது. தொட்ட யானை அலறிக்கொண்டு பின்வாங்கும். அந்த அடி விழ வேண்டுமானால் கம்பி புல்லிலோ செடியிலோ ஈரத் தூணிலோ படக்கூடாது. தொய்ந்த கம்பி படும். பட்ட இடத்திலெல்லாம் மின்சாரம் நிலத்துக்குள் ஒழுகிப்போகும். பெட்டி டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், கம்பியில் ஒன்றும் இராது. இதை யானை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். தந்தத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது என்பதையும் அது தானாகப் படித்துக்கொள்கிறது. தந்தத்தால் கம்பியைத் தூக்கும், காலால் தூணை உதைக்கும், பக்கத்து மரத்தைக் கம்பிமேல் சாய்க்கும்.

எங்கள் நிலத்துக்கென்று வேறு கஷ்டங்களும் உண்டு. வாவியோரத்து உப்புக்காற்றில் நாகம் பூசிய கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. இன்சுலேட்டரில் உப்புப் படிந்து மின்சாரம் கசிகிறது. மாரி மழையில் மண் இளகி முனைத்தூண் சாய்கிறது, கம்பி தொய்கிறது. கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது புவித்தொடுப்புக் கம்பி வேலை செய்யாது, அதன் அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறவர் செய்ய முடியாது. அன்றாடம் வேலியோரம் நடக்கிறவர்தான் செய்ய முடியும்.

இது தெரிந்தவர் செய்கிற தொழில்

"கம்பி கட்ட என்ன படிப்பு வேணும்?" என்று கேட்கிறார்கள். சரி, கட்டிக் காட்டட்டும்.

ஒரு கம்பியை 100 கிலோ இழுவைக்கு இறுக்கினால், ஐந்து கம்பிக்கு 500 கிலோ. இரவும் பகலும் அந்த 500 கிலோவையும் தாங்குவது முனைத்தூண். அதற்கு உள்பக்கம் சாய்வுக்கட்டை கொடுக்காமல், ஆழமாகத் தோண்டாமல் நட்டால், நாலு நாளில் தூண் உள்ளே சாயும். இழுத்ததெல்லாம் வீண். நடுவில் நிற்கிற தூண்களில் கம்பியை இறுக்கிக் கட்டவே கூடாது. அங்கே கம்பி நழுவி ஓட வேண்டும். இழுவை முழுவதும் முனைத்தூணுக்குப் போக வேண்டும். நடுத்தூணில் இறுக்கிக் கட்டினால் ஒரு பக்கம் முறுகும், மறுபக்கம் தொய்யும். அறுந்த கம்பியைச் சும்மா முறுக்கி விட்டால் முறுக்கு நெகிழ்ந்து, இடையில் துருவேறி, மின்சாரம் அங்கேயே பொறியாகப் போய்விடும். இரண்டு முனையையும் எட்டு வடிவத்தில் கோத்து, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சாகப் போட வேண்டும். எவ்வளவு இறுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். கம்பியைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டே சொல்லக்கூடிய பெரியவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களின் பேர் எந்தச் செக்றோலிலும் "வேலிக்காரர்" என்று விழுந்ததில்லை.

இது ஆபத்தான வேலையும்கூட. இறுகிய கம்பி அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். முள்ளுக்கம்பி என்றால் சதையைக் கிழித்துக்கொண்டு போகும். எங்களில் கம்பி கட்டுகிற எவருடைய கையை வேண்டுமானாலும் விரித்துப் பாருங்கள், தழும்பு இருக்கும். இழுவைக் கருவி தராத தோட்டத்தில் அலவாங்கை வைத்து நெம்பித்தான் இழுக்கிறோம், இல்லாவிட்டால் உழவு இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுக்கிறோம். இயந்திரம் ஓட்டுகிறவருக்குக் கம்பியின் இறுக்கம் எப்படித் தெரியும்? ஒரு தோட்டத்தில் அப்படி இழுத்தபோது கம்பி அறுந்து எங்கள் அங்கத்தவர் ஒருவரின் புருவத்தைப் பிளந்தது. ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். தோட்டத்தில் கேட்டபோது, "அந்த நேரம் அவருக்கு வேலை இல்லையே, பேர் போடலையே, அவர் ஏன் அங்க போனார்?" என்றார்கள்.

தோழர்களே, பேர் என்பது அன்றையச் சம்பளம் மட்டும் அல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு வேலை கொள்வோர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி எது? செக்றோல். அதில் பேர் இல்லாத மணித்தியாலத்தில் கண் போனால், கண் போனது உங்களுடைய சொந்த விஷயம் ஆகிவிடும். ஊழியர் சேமலாப நிதிக்கு நிருவாகம் கட்ட வேண்டிய 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்ட வேண்டிய 3 வீதமும் பேர் விழுந்த சம்பளத்துக்குத்தான் வரும். பேர் விழாத ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் முதுமைக் காலத்திலிருந்து திருடப்பட்ட காசு.

சிரமதானம் யாருக்கு?

இனி ஊர் வேலிக்கு வருவோம். 2020இல் அரசு நியமித்த நிபுணர் குழு, யானை–மனித மோதலைத் தணிக்கத் தேசிய செயற்திட்டம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. காட்டுக்குள் திணைக்களங்களின் எல்லைக்கோட்டில் வேலி போடுவதை விட்டு, ஊரைச் சுற்றியும், வேளாண்மைக் காலத்தில் வயலைச் சுற்றியும் வேலி போட வேண்டும் என்பது அதன் முக்கியமான சொல். நாங்கள் அதை ஏற்கிறோம். காட்டு எல்லைக் கோட்டில் போட்ட வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது என்பதை நாங்கள் எப்போதோ கண்டவர்கள். ஊரோரம் இருக்கிற வேலியைத்தான் ஊரார் பார்த்துக்கொள்ள முடியும். குருணாகல் மாவட்டம் கல்கமுவப் பக்கத்தில் விவசாயிகளே இப்படி வேலியைப் பராமரித்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கம்பியை இறுக்குகிறவர் தன் வயலுக்காக இறுக்குகிறார். வேலிக்குள் இருக்கிற நெல் அவருடையது. எங்களிடம் என்ன இருக்கிறது? எங்களில் பலர் 77இலும் 83இலும் மலையகத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு இந்தப் பக்கம் வந்தவர்களின் பிள்ளைகள். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போடியார் வயலில் கூலிக்கு நின்றவர்கள். வேலிக்குள் இருக்கிற தென்னை தோட்டத்துடையது. வேலிக்குள் இருக்கிற வயல் போடியாருடையது. எங்களுக்கென்று உள்ளே இருப்பது ஒரு குடிசையும் எங்கள் உயிரும்தான். உயிரைக் காக்க எங்கள் பங்கைச் செய்ய நாங்கள் என்றைக்கும் பின்நின்றதில்லை. ஆனால் நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் சிரமதானத்தில் ஒரே முறை என்பது எந்த நியாயம்? பத்து ஏக்கர் வயல்காரர் அன்றைக்கு வராவிட்டால் "ஐயாவுக்கு வேலை" என்கிறார்கள். கூலிக்காரன் வராவிட்டால் "ஊரோடு ஒத்துப்போகாதவன்" என்கிறார்கள்.

இன்னொன்று. யானை வேலிகளைப் பார்க்க அரசே சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தினரைச் சம்பளத்தோடு அமர்த்தியது. அப்படியென்றால் அது சம்பளத்துக்கு உரிய வேலை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. சீருடை போட்டவர் செய்தால் வேலை, சாரம் கட்டினவர் செய்தால் தானமா? யானை அடித்து ஆள் செத்தபிறகு நட்டஈடு கொடுக்கக் காசு இருக்கிறது. சாகாமல் இருக்கக் கம்பி கட்டுகிறவருக்குக் கொடுக்கக் காசு இல்லையா?

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, இனி அதிகாரிகள் படகுக்குக் காத்திருக்காமல் படுவான்கரைக்கு வருவார்கள் என்றோம். வருகிறார்கள். வேலி திறக்க வருகிறார்கள், ஆள் செத்தால் வருகிறார்கள். இடையில் கம்பி தொய்ந்த நாட்களில் ஒருவரும் வருவதில்லை.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுக்காதீர்கள்

கம்பி கட்டக் கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் கொழுவி விடுவது. கம்பி தொய்ந்தாலும் பரவாயில்லை, தொட்டது சாகும் என்று கணக்கு.

மின்வேலியில் பல ஆயிரம் வோல்ட் அடித்தும் ஆள் சாவதில்லை, வீட்டு மின்சாரத்தில் ஏன் சாகிறார்? மின்வேலி அடித்துவிட்டு விட்டுவிடும். வீட்டு மின்சாரம் விடாது. பிடித்த கை கம்பியிலேயே இறுகிக்கொள்ளும். அது யானை, மாடு, மனிதன் என்று பார்க்காது. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் 2023 மார்ச் மாதம் இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் தாய்மாரைச் சுற்றிச் சுற்றி நின்றன. அந்த ஆண்டே அந்த மாநில அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் கட்டுப்படுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் யானைகள் மட்டும் சாகவில்லை. இப்படிப்பட்ட கம்பியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். விடியற்காலையில் அந்தக் கம்பியை முதலில் தொடப்போகிறவர் தோட்ட உரிமையாளர் அல்லர். வேலைக்குப் போகிற நீங்களும் நாங்களும்தான். மாடு தேடிப் போகிற எங்கள் பிள்ளையும்தான்.

ஆகவே சங்கத்தின் சொல் இது. எந்த அங்கத்தவரும், யார் சொன்னாலும், எவ்வளவு கைக்காசு தந்தாலும், வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொழுவித் தரக்கூடாது. கொழுவியிருப்பதைக் கண்டால் தொடாதீர்கள், சங்கத்துக்கும் மின்சார சபைக்கும் உடனே சொல்லுங்கள். பேர் வெட்டுவோம் என்று மிரட்டினால் அது தனி ஆளின் பிரச்சினை அல்ல, சங்கத்தின் பிரச்சினை.

எங்கள் பக்கத்துக் குறையும் உண்டு

நாங்கள் எல்லாரும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. விறகுக்குப் போக வசதியாகக் கம்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டாமல் வருகிறவர் நம்மில் உண்டு. மாட்டை விடப் படலையைத் திறந்தவர் பூட்ட மறந்துவிடுகிறார். வேலிக் கம்பியில் சேலை காய்ந்ததையும் கண்டிருக்கிறோம். பற்றரி காணாமல் போன கதையும் ஊருக்குத் தெரியும். "எனக்குப் பேர் இல்லை, எனக்கென்ன" என்று ஒப்புக்கு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வருகிறவரும் உண்டு. அந்த முறுக்கு அறுகிற இரவில் யானை வருவது தோட்ட உரிமையாளரின் பங்களாவுக்கு அல்ல, நம் லைன் வாசலுக்கு. தென்னங்கன்றின் குருத்தை யானை பிடுங்கித் தின்றால், காய்க்க 6, 7 வருடம் எடுக்கிற மரம் போகிறது. அதோடு அந்த மரத்தில் நமக்கு வரவேண்டிய வேலையும் போகிறது. கூலி கேட்கிற நாம் வேலையைத் திறமாகச் செய்து காட்ட வேண்டும். அப்போதுதான் கேட்கிற வாய்க்குப் பலம்.

நாங்கள் கேட்பது

ஒன்று: வேலி பார்ப்பதும் கம்பி இறுக்குவதும் கட்டுவதும் செக்றோலில் தனி வேலையாக எழுதப்பட வேண்டும். முழு நாள் செய்தால் முழுப் பேர். நாலு மணிக்குப் பிறகு கூப்பிட்டால் மேலதிக நேரச் சம்பளம்.

இரண்டு: கம்பி வேலைக்குத் தனியாக ஒருவரை அனுப்பக்கூடாது, எப்போதும் இரண்டு பேர். தோல் கையுறை, கண்ணாடி, நல்ல குறடு, பல்சக்கரம் வைத்த இழுவைக் கருவி ஆகியவற்றைத் தோட்டம் தர வேண்டும். உழவு இயந்திரத்தால் கம்பி இழுப்பது நிறுத்தப்பட வேண்டும்.

மூன்று: கம்பியில் ஆள் நிற்கும்போது எனர்ஜைசர் பெட்டி நிறுத்தப்பட்டு, அதன் சாவி கம்பி கட்டுகிறவரின் பையில் இருக்க வேண்டும். கங்காணியின் பையிலோ ஒபிஸ் மேசையிலோ அல்ல.

நான்கு: ஊர் வேலிக்குப் பராமரிப்புப் படி வேண்டும். பிரதேச செயலகமும் வனஜீவராசிகள் திணைக்களமும் அதை ஒதுக்க வேண்டும். வேலிக்குள் நிலம் வைத்திருப்பவர்கள் ஏக்கர்க் கணக்குக்கு ஏற்பப் பங்கு கட்ட வேண்டும். நிலமில்லாதவர் தருகிற உழைப்புக்கு அந்தப் பணத்திலிருந்து கூலி கொடுக்க வேண்டும்.

ஐந்து: வேலி எங்கே போகவேண்டும் என்று கோடு கீறும்போது, அதில் நடக்கப்போகிற ஆட்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"தேங்காய் விலை விழுந்துவிட்டது, காசு இல்லை" என்பார்கள். விலை ஏறியபோது எங்களுக்குப் பங்கு வந்ததா? ஒரு இரவில் யானை மிதித்த கன்றுகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதோடு இரண்டு ஆளின் கூலியை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பி கட்டுகிறவருக்குக் கொடுப்பது செலவு அல்ல என்று தோட்டத்துக்கே விளங்கும்.

முனைத்தூண் தாங்க வேண்டிய இழுவையை நடுத்தூணில் கட்டினால் வேலி நிற்காது என்று மேலே சொன்னோம். இத்தனை காலமும் தோட்டமும் அரசும் தங்கள் இழுவையை எங்கள் தலையில்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். அது அறுகிற இடத்துக்கு வந்துவிட்டது.

இந்த மாத முடிவுக்குள் ஒவ்வொரு தோட்டத்துக் கிளையும் கூடிப் பேசுங்கள். கம்பி வேலைக்குப் போன நாள், நேரம், கூடப் போனவர், யார் சொன்னது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். செக்றோலில் இல்லாத பேரை முதலில் நம் கொப்பியில் போடுவோம். அந்தக் கொப்பிகளோடுதான் சங்கம் தொழில் திணைக்களத்தின் படியேறப் போகிறது.

அடுத்த முறை பின்னேரம் நாலு மணிக்குக் கங்காணி வந்தால் சண்டை வேண்டாம், கூச்சலும் வேண்டாம். மரியாதையாக ஒரே ஒரு சொல் சொல்லுங்கள்:

"ஐயா, முதலில் பேரைப் போடுங்கள். கம்பியை நாங்கள் திறமாகக் கட்டித் தருகிறோம்."